ஆராய்ச்சியின் பலன் எவருக்கு?

"முதலீடு வந்தாலன்றி விஞ்ஞானம் வாழாது" என்னும் ஒரு மந்திரம் சில காலமாக நம் நாட்டில் எங்கும் ஓதப்பட்டு வருகிறது. மேடையேறும் அமைச்சர்கள் அதை ஓதுகிறார்கள்; பொருளாதார நிபுணர்கள் ஓதுகிறார்கள்; அவர்கள் பேச்சைக் கேட்டு வீடு திரும்பும் நம்மவரிற் சிலரும் பொருள் விளங்காமலே ஓதுகிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்திற் பிறந்த கண்டுபிடிப்பு சந்தைக்கு வரவேண்டுமாயின் பணமுடையவன் துணிந்து பணம் போடவேண்டும். துணிந்தவன் லாபம் முழுவதையும் எடுத்துக்கொள்வது நியாயம். மற்றையோர் ஒதுங்கி நின்று கைகொட்டினாற் போதும் என்பதே இம்மந்திரத்தின் கருத்து.

இதிற் பாதி மெய் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. கூடத்துக் குப்பியில் இருப்பதை லட்சக்கணக்கான மக்கள் பயன்படுத்தும் பொருளாக்கப் பெரும் பணம் வேண்டும். இந்தியாவின் பயோகான் கம்பெனி ஜோகூரில் இன்சுலின் தொழிற்சாலை அமைத்ததும் முதலீட்டினால்தான். நீரிழிவால் வாடும் நம்மவர் பலருக்கு அம்மருந்தின் அருமை தெரியும். ஆனால் முழுப் பொய்யை எளிதிற் கண்டுகொள்ளலாம். பாதி மெய் கலந்த பொய்யைக் கண்டுகொள்வது அரிது. ஆதலின் மறைக்கப்பட்ட மற்றப் பாதியை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் விஞ்ஞானி அல்லேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிப் பிழைக்கும் கிராணி. ஆங்கிலப் படிப்பினால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை, பெரிய இடத்து அறிக்கைகளைப் பிறர் உதவியின்றிப் படிக்க முடிவதுதான். பல ஆண்டுகளாக நான் பார்த்துவரும் கணக்குகளில் "செஸ்" என்று ஒரு வரி உண்டு. ஆலையில் எடுக்கும் செம்பனை எண்ணெய்க்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ஆராய்ச்சிக்காகச் செலுத்தப்படும் வரி அது. கட்டுபவர் ஆலைக்காரர் என்று ஏட்டில் இருந்தாலும், குலைக்கு விலை கணக்கிடும்போது அந்தப் பாரம் கீழே இறங்கிச் சிறுதோட்டக்காரன் தலையிலும் விழுகிறது. அந்த வரியைப் படித்துக் கூட்டியிருக்கிறேன், கழித்திருக்கிறேன். அந்தப் பணம் எங்கே போகிறது, என்னவாகத் திரும்பி வருகிறது என்று ஒரு நாளும் கேட்டேனில்லை. இது முதற்கண் என் குற்றம் என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்கிறேன்.

இந்த நாட்டில் விஞ்ஞானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த முதற் பணம் எவருடையது? ரப்பரின் கதையைப் பாருங்கள். 1925-இல் சட்டமியற்றி, அடுத்த ஆண்டு வேலை தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஏற்றுமதியாகும் ரப்பர் மீது விதித்த செஸ் பணத்தால் வளர்ந்தது. பணமுடையவன் எவனும் பெட்டியைத் திறந்து கொட்டியதன்று அது. ஒவ்வொரு மங்கிலும் சொட்டிய பாலிலிருந்து எடுத்தது. அக்கழகம் ஜாவாவின் துஜீர் 1 என்னும் மரத்தையும் பிராங் பெசாரின் பி.பி. 86 என்னும் மரத்தையும் கலந்து ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் இனத்தை உண்டாக்கிற்று. தேர்ந்தெடுக்காத விதையால் முளைத்த பழைய மரங்கள் ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 500 கிலோ ரப்பர் கொடுத்த இடத்தில், இத்தகைய ஒட்டுக் கன்றுகள் 1,500 கிலோவையும் தாண்டின. இன்று தாய்லாந்தின் ரப்பர்க் காடுகளில் மிகுதியாக நிற்பதும் அந்த 600 தான். பொதுப்பணத்திற் பிறந்து, மறுநடவுத் திட்டத்தின் வழியே சிறுதோட்டக்காரன் காட்டுக்கும் போய்ச் சேர்ந்த கண்டுபிடிப்பு இது. லாபம் முழுவதும் தனக்கே என்று சொல்லும் முதலாளி இல்லாவிடில் ஆராய்ச்சி சந்தைக்கு வராது என்போர் இதற்கு என்ன விடை கூறுவர்?

இனி, மேலே கூறிய பிராங் பெசாரின் கதையையும் கேளுங்கள். முதல் உலக யுத்தத்திற் சேவை செய்த ஆங்கில அதிகாரிகள் 1921-இல் சிலாங்கூரில் அமைத்த தோட்டம் அது. "பெரும் போர்" என்பதே அப்பெயரின் பொருள். நல்ல மரங்களைத் தேடித் தேர்ந்து, ஒட்டுக்கண்களும் விதைகளும் விற்றுப் புகழ் பெற்றது. பி.பி. என்னும் இரண்டெழுத்து உலகத்து ரப்பர்த் தோட்டங்களிலெல்லாம் வழங்கியது. இதைத் தனி முதலீட்டின் வெற்றி என்று கூறுவீர்களாயின் நாமும் ஆம் என்போம். ஆனால் ஒரு மரம் நல்ல மரமென்று எப்படித் தெரிந்தது? ஆயிரம் மரங்களின் பாலைத் தனித்தனியே எடுத்து, மரத்துக்கு மரம் எண்ணிட்டு, மாதக்கணக்கில் அளந்தாலன்றித் தெரியாது. விடியுமுன் எழுந்து மரம் சீவியவன் கையில் ஒரு நூல் ஆழம் தவறினால் அந்த அளவு முழுவதும் பொய்யாகிவிடும். நிபுணனின் ஏட்டிலிருந்த எண்ணுக்குப் பின்னால் தொழிலாளியின் கத்தி இருந்தது. அவன் பெயர் எந்த இனத்துக்கும் இடப்படவில்லை.

அந்தப் பிராங் பெசார்த் தோட்டம் இன்று எங்கே? அதன் மீதுதான் புத்ரஜெயா நிற்கிறது. 1990-களில் நாட்டின் புதிய நிர்வாகத் தலைநகருக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் தெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்கு மாற்றப்பட்டன. சுவர்கள் விரிசல் கண்டன. தரைவீடு வேண்டும் என்னும் அவர்களது கோரிக்கை பல்லாண்டு நீண்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துச் சுங்கை பூலோ நிலத்தின் பெரும்பகுதியும் குவாசா டாமான்சாரா என்னும் நகரமாகி வருகிறது. மரத்தின் இனம் உலகெங்கும் போயிற்று. நிலத்தின் விலை வானுக்குப் போயிற்று. மரத்தை அளந்தவன் அடுக்கு வீட்டின் விரிசலை அளந்துகொண்டிருந்தான்.

ரப்பர் நிற்க. செம்பனைக்கு வருவோம். என் பாட்டி இளவயதிற் செய்த வேலை ஒன்று உண்டு. அதன் பெயரைச் சொன்னால் இக்காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். செம்பனையின் ஆண்பூவிலிருந்து எடுத்த மகரந்தத்தை வெள்ளைத் தூளுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று, மலர்ந்த பெண்பூவின் மேல் ஊதும் வேலை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரத்துக்கு அதன் பூவை நாடும் பூச்சி இங்கே இல்லாமையால், பூச்சி செய்யவேண்டியதைப் பெண்கள் செய்தார்கள். பின்னர் யூனிலீவர் கம்பெனியின் முயற்சியால், ரஹ்மான் சையித் என்னும் பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்து, காமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்டது. 1981-இல் ஜோகூரின் மாமோர் தோட்டத்தில் அதை விட்டார்கள். சிறிது காலத்திற்குள் அது நாடெங்கும் பரவிற்று. காய்ப்பிடிப்பு உயர்ந்தது, பருப்பு மிகுந்தது, மகரந்தம் ஊதும் கூலி முற்றும் மிச்சமாயிற்று.

அந்த வண்டை நாம் பழிக்கவில்லை. ஆய்ந்தறிந்து செய்த அருஞ்செயல் அது. மரத்துக்கு மரம் தூள் ஊதி நடப்பது மனிதப் பிறவிக்கு ஏற்ற பெருவேலை என்றும் நாம் வாதாடவில்லை. நாம் கேட்பது ஒன்றே. ஒவ்வோராண்டும் மிச்சமான அந்தக் கூலி எவர் பெட்டியிற் சேர்ந்தது? "வண்டு வந்தது, எங்களுக்குப் பேர் போடவில்லை" என்று மட்டும் பாட்டி சொல்வார். பெரட்டுக் களத்தில் ஒரு நாள் தம் பேர் கூப்பிடப்படாமற் போனதே அவர் அறிந்த விஞ்ஞானம். முதலாளிக்கு வரவாக வந்த அதே கண்டுபிடிப்பு, அவருக்கு வேலைப் பறிப்பாக வந்தது. அந்த மிச்சத்தில் ஒரு சிறு பங்கேனும் அப்பெண்கள் வேறு தொழில் பழகுவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால், விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டதும் லயத்து வீடுகளில் அச்சம் பிறந்திராது.

லாபத்தின் அவசரம் ஆராய்ச்சியையே கெடுப்பதும் உண்டு. சிறந்த செம்பனை மரத்தின் சிறு திசுவிலிருந்து அதே போன்ற ஆயிரம் கன்றுகளைச் சோதனைக் கூடத்தில் வளர்க்கும் வித்தை 1970-களிற் கைகூடிற்று. ஆலைகளில் எண்ணெய் ஆறாக ஓடும் என்று மகிழ்ந்து கூடங்கள் அமைத்தார்கள், கன்றுகளை நட்டார்கள். 1980-களின் நடுவில், அக்கன்றுகளிற் பல உருக்கெட்ட பழங்களைக் கொடுப்பது தெரியவந்தது. காரணம் விளங்கியது 2015-இல்தான். மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் அறிஞர்கள் பிறநாட்டு அறிஞரோடு சேர்ந்து, மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் மேலிருக்கும் ஒரு வேதி அடையாளம் அழிந்துபோவதால் பழம் உருக்கெடுகிறது என்று கண்டறிந்தார்கள். நட்டவனுக்குப் பழம் காட்டச் சில ஆண்டு. ஆராய்ந்தவனுக்கு விடை காட்ட முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டும் பொறுமையாக நிற்கக்கூடிய பணம் எது? மூன்று மாதத்துக்கொருமுறை லாபக் கணக்குக் கேட்கும் பணமா? அன்று. டன்னுக்கு இவ்வளவு என்று இடைவிடாமல் வந்துகொண்டிருந்த செஸ் பணமே அந்த வாரியத்தின் அறிஞரைத் தாங்கி நின்றது.

இனி நான் நேரிற் கண்டதைச் சொல்கிறேன். என் தாய்மாமன் தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் நான்கு ஏக்கர் செம்பனை வைத்தார். சாலையோரத்து நாற்றங்கால் ஒன்றிற் கன்று வாங்கினார். நட்டு மூன்றாண்டு கழித்துக் குலை வந்தபோது, பல மரங்களின் பழத்தில் ஓடு தடித்தும் சதை மெலிந்தும் இருந்தது. அவை டூரா என்னும் இனம். நாம் நடவேண்டியதோ டெனெரா. டூராவையும் ஓடற்ற பிசிபெராவையும் கலந்தாற் பிறக்கும் மெல்லோட்டு இனம் அது; டூராவை விட ஏறக்குறைய 30 சதவிகிதம் மிகுதியான எண்ணெய் தருவது. ஆலை வாசலில் தரம் பார்ப்பவர் மாமனின் குலைகளைப் பிளந்து பார்த்து, "டூரா" என்று ஒதுக்கி, விலையிற் கழிக்கிறார். செம்பனையின் ஆயுள் தோட்டக் கணக்கில் 25 ஆண்டு. ஒரு நாள் ஏமாந்ததற்கு இருபத்தைந்தாண்டுத் தண்டனை! மரத்தை வெட்டி மறுபடி நட அவரிடம் பணமும் இல்லை, வயதும் இல்லை.

இதைத் தடுக்க வழியில்லையா? உண்டு, 2013 முதலே உண்டு. அவ்வாண்டில் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும், ஓரியன் ஜெனோமிக்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனியும் சேர்ந்து, ஓட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவைக் கண்டுபிடித்து வெளியிட்டன. வாரியத்தின் பக்கத்தில் அந்தப் பணியை முன்னின்று நடத்திய அறிஞர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி. இப்பெயரை நம் வீட்டுப் பெண்மக்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அக்கண்டுபிடிப்பிலிருந்து "ஷூர் சாவிட்" என்னும் பெயரில் ஒரு பரிசோதனையும் சந்தைக்கு வந்தது. நாற்றங்காலில் நிற்கும் கன்றின் இலையிற் சிறு துண்டு எடுத்தனுப்பினால், அது டூராவா டெனெராவா என்று நடுவதற்கு முன்பே சொல்லிவிடலாம். மூன்றாண்டு காத்திருக்க வேண்டுவதில்லை. முப்பது சதவிகிதம் இழக்க வேண்டுவதில்லை.

பாருங்கள், அன்பர்களே! இந்தப் பரிசோதனையைப் பெற்றெடுத்த வாரியத்துக்கு என் மாமன் போன்றோரின் குலையிலிருந்தும் செஸ் போயிற்று. ஆனால் அப்படியொரு பரிசோதனை இருப்பதாக அவருக்கு எவரும் சொல்லவில்லை. கன்று விற்றவன் சொல்லவில்லை; தரம் பார்ப்பவர் சொல்லவில்லை; ஆங்கிலம் படித்த மருமகனாகிய நானும், காலம் கடந்த பின்னரே அறிந்தேன். பெருந்தோட்டங்களுக்குச் சொந்த விதைப்பண்ணையும் சொந்த நிபுணரும் உண்டு. எவனுக்கு இந்தச் சோதனை உயிர்போல் அவசியமோ, அவனுக்கு அது எட்டவில்லை. பெரிய தோட்டத்துக்கு எட்டியதோடு கண்டுபிடிப்பு சந்தைக்கு வந்துவிட்டது என்று விழா எடுப்பது, ஊர்ப் பணத்திற் கிணறு வெட்டிவிட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் கயிறு கொடுப்பதை ஒக்கும்.

சர்க்கார் இதுகாறும் என்ன செய்தது? 2003-இல் "பயோவேலி" என்று ஒரு பெரும் திட்டம், தெங்கில் பகுதியில் உயிரியல் தொழில்நுட்ப நகரமொன்று எழுப்புவதாகத் தொடங்கப்பட்டது. கட்டடம் கட்டினால் விஞ்ஞானி வருவான், விஞ்ஞானி வந்தால் முதலாளி வருவான் என்று எண்ணினார்கள். எதிர்பார்த்த கம்பெனிகள் வரவில்லை. 2005-இல் தேசிய உயிரியல் தொழில்நுட்பக் கொள்கை என்று புதிதாக அறிவித்தார்கள். 2010 வரை திறமை வளர்த்தல், 2015 வரை விஞ்ஞானத்தை வியாபாரமாக்குதல், 2020 வரை உலக அரங்கில் நிற்றல் என்று மூன்று படிகள் வகுத்தார்கள். வரிச் சலுகைகள் தந்தார்கள். திறமை, வியாபாரம், உலகம் என்னும் மூன்று படிகளில், செஸ் கட்டுபவனும் கூலிக்காரனும் ஏறி நிற்க ஒரு படியும் வகுக்கவில்லை. பிராங் பெசார்த் தொழிலாளரைக் கொண்டுபோய் வைத்ததும் அதே தெங்கிலில்தான். ஒருபுறம் வராத கம்பெனிக்காக நகரம். மறுபுறம் வந்து குடியேறிய உழைப்பாளிக்கு விரிசல் வீடு. இதைவிடத் தெளிவான பாடம் வேறு வேண்டுமோ?

"தொழிலாளிக்குத்தான் கூலி கொடுத்தாகிவிட்டதே, மேற்கொண்டு என்ன உரிமை?" என்று சிலர் கேட்கலாம். அங்ஙனமாயின் முதலாளிக்கும் வட்டி கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடலாமே! பணம் போட்டவனுக்கு நஷ்ட அபாயம் உண்டு, ஆதலின் லாபத்தில் உரிமை உண்டு என்பது அவர்கள் வாதம். அபாயம் உள்ளவனுக்கே பங்கு என்றால், வண்டு வந்த நாளில் வேலையிழந்தவளுக்கும், கெட்ட கன்றை நட்டு இருபத்தைந்தாண்டு நஷ்டப்படுபவனுக்கும் இருந்தது அபாயமன்றி வேறென்ன? இன்னும் சிலர், "நிபந்தனை போட்டால் முதலாளி ஓடிவிடுவான்" என்று பயமுறுத்துவர். ரப்பர் மேல் செஸ் விதித்து நூறாண்டாகிறது. ஓடினவர் எவர்? செஸ்ஸால் விளைந்த நல்ல இனத்தை நட்டுப் பணம் சேர்த்தவர்களே மிகுதி.

ஆகவே நாம் வேண்டுவன இவை. செஸ் பணத்தாற் பிறந்த கண்டுபிடிப்பை எந்தக் கம்பெனிக்கு உரிமை கொடுத்து விற்றாலும், சிறுதோட்டக்காரனுக்கு அது அடக்க விலையிற் கிடைக்கவேண்டும் என்பதை அந்த உரிமைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். நாற்றங்காலிற் சோதிக்காத செம்பனைக் கன்றை அவனுக்கு விற்பது குற்றமாகவேண்டும். ஆட்களின் வேலையைக் குறைக்கும் கண்டுபிடிப்பு வரும்போது, அதனால் மிச்சமாகும் கூலியின் முதற்பங்கு அவ்வேலையை இழப்பவரின் பயிற்சிக்குப் போகவேண்டும். இன்று அவ்வேலையிலிருப்பவர் நம்மவரோ, வங்காள தேசத்தவரோ, இந்தோனேசியரோ, இந்நியாயம் எல்லோருக்கும் ஒன்றே. எந்த ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவாயிற்று, எவருக்கு விற்கப்பட்டது, எவர் பயன் பெற்றார் என்பதை மலாயிலும் தமிழிலும் எளிய நடையில் ஆண்டுதோறும் அச்சிட்டுத் தோட்டந்தோறும் அனுப்பவேண்டும்.

சர்க்காரிடம் கேட்டுவிட்டு நாம் சும்மா இருந்தால் அதுவும் குற்றமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் லோபாக் போன்ற பட்டணத்து வீதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தை விட்டோம், தோட்டத்தைப் பற்றிய அறிவையும் விட்டுவிட்டோம். மூன்று தலைமுறை மரத்தோடு பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு, அந்த மரத்தின் மரபணுவைப் படிக்கலாம் என்று சொல்லுவாரில்லை. நம் சங்கங்கள் ஆண்டுவிழாவில் மாலைக்கும் பந்தலுக்கும் செலவிடும் பணத்திற் பாதியை உயிரியல் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தாலென்ன? சீவும் கத்தியைப் பிடித்த கை நுண்ணோக்கியைப் பிடிக்கலாகாது என்று எந்தச் சாஸ்திரம் சொல்லுகிறது? எவர் சொன்னாலும் அது பொய்ச் சாஸ்திரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப் போன்ற கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நாம் படித்த ஆங்கிலம் துரைமாருக்குக் கடிதம் எழுதுவதற்கு மட்டும் வந்ததன்று. கணக்கில் "செஸ்" என்னும் வரியைக் காணும் ஒவ்வொருவரும், அதன் பொருளை ஒரு சிறுதோட்டக்காரருக்கேனும் இவ்வாரம் எடுத்துச் சொல்லுங்கள், கன்று வாங்கப் போகிறவரைத் தடுத்து நிறுத்தி, "சோதித்த கன்றா? சீட்டைக் காட்டு" என்று கேட்கச் சொல்லுங்கள். என் மாமனுக்கு நான் சொல்லத் தவறினேன். அவர் காட்டிலே அந்தத் தடித்த ஓட்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. குலை ஏற்றிய லாரி ஆலைக்குப் புறப்படும்போதெல்லாம், அந்த மரங்கள் என்னைத்தான் பார்த்து நிற்கின்றன.

லோபாக்
— ஒரு தோட்டத்துக் கிராணி